டொமினிக் பார்க்காத ஊர்

1927ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, மலாயாவின் சித்தியவானிலிருந்து வந்த தபால் பையில் ஆம்புரோஸ் பெயருக்கு லண்டன் மாதப் பத்திரிகை ஒன்று வந்தது. அனுப்பியவன் டொமினிக். உள்ளே ஒரு துண்டுக் காகிதம்: “நாற்பத்தொன்றாம் பக்கம் பார், மச்சான்.”

ஆம்புரோஸ் அந்தப் பக்கத்தை நின்றபடியே திறந்தான். தலைப்பின் கீழே டொமினிக் சவரிமுத்து என்ற பெயர் அச்சில் இருந்தது. அதற்கும் கீழே, பத்திரிகைக்காரர்கள் சாய்வெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: இந்தியாவை இந்தியர் ஒருவரே சொல்லக் கேளுங்கள்.

சித்தியவானுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் ஆம்புரோஸ் கிராணி. எட்டு வருஷமாக விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நின்று ஆட்களின் பெயரைக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதும், பகல் முழுக்க ஆபீசில் கடிதம் எழுதுவதும் அவன் உத்தியோகம். டொமினிக் ஈப்போவில் ஒரு வக்கீலிடம் எழுத்தராக இருந்தான். இருவரும் தைப்பிங்கில் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே பெஞ்சில் ஆங்கிலம் படித்தவர்கள். ஒரு வித்தியாசம் உண்டு. ஆம்புரோஸ் பதினான்கு வயதுவரை திருச்சிக்கு மேற்கே ஒரு கால்வாய்க் கரை ஊரில் வளர்ந்தவன். டொமினிக் தைப்பிங்கில் பிறந்தவன். அவன் தகப்பனார் அங்கே ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர். டொமினிக் இந்தியாவின் மண்ணை மிதித்தது கிடையாது.

முந்தின வருஷம் இதே பத்திரிகைக்கு ஆம்புரோஸும் ஒரு கதை அனுப்பியிருந்தான். பட்டாவில் தன் பெயர் தப்பாக ஏறிவிட்டதைத் திருத்த ஐயாவு என்ற கிழவர் தாலுகா கச்சேரிக்குப் பதினொரு தடவை நடப்பதுதான் கதை. ஒன்பது மாதம் எழுதினான். கச்சேரியின் படிகளைக்கூட நினைவில் எண்ணிச் சரியாகப் போட்டிருந்தான். கதை திரும்பி வந்தது. “அலுவலகம் ஒன்றைப் பற்றிய கவனமான குறிப்பு. ஆனால் எங்கள் வாசகர்கள் இதில் இந்தியாவைக் காண மாட்டார்கள்” என்று கூடவே ஒரு சீட்டு.

மத்தியானம் வீட்டுக்குப் போனதும், மனைவி இருதயமேரிக்கு டொமினிக்கின் கதையைத் தமிழில் சொன்னான். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. கேட்டுச் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான்.

“தஞ்சாவூர் ராஜா செத்துப்போறாரு. இளைய ராணியைச் சிதையில ஏத்தப் பாக்குறாங்க. அவ தலை நிறைய மல்லிகைப் பூவோட ஓடுறா. புருஷன் செத்த பொம்பளை தலையில பூவாம். கடைத்தெருவுல ஒட்டகம் நிக்குதாம். தஞ்சாவூர்ல ஒட்டகம்.”

மேரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “சரி, ஓடி எங்க போனா?”

“காவிரிக்கரைக்கு. அங்க ஒரு புலி வருது. காவிரிக்கரையில புலி எங்க இருந்து வரும்?”

“புலி என்ன செஞ்சிச்சி?”

“ஒண்ணும் செய்யல. அவளை முகர்ந்து பாத்துட்டுப் பக்கத்துல படுத்துக்குது.”

மேரியின் கை நின்றுவிட்டது. “பாவம். அதுக்கு அப்புறம்?”

ஆம்புரோஸ் பத்திரிகையை மூடினான். “அப்புறம் ஒண்ணும் இல்ல. சோத்தப் போடு.”

“நல்லாத்தானே இருக்கு. உங்க மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?” என்றாள் மேரி.

சாப்பிட்டு முடித்து, ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு கதையை மறுபடி படித்தான். மார்கழியில் மாம்பழம் பழுத்திருந்தது. மயில் தென்னை மரத்தில் கூடு கட்டியிருந்தது. இப்படிப் பதினேழு தப்புகள். ஒவ்வொன்றையும் கோடிட்டபோது ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. பதினேழாவதோடு அதுவும் தீர்ந்துபோனது.

இரண்டு நாள் கழித்துத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவி, துரைசானி, அவனை பங்களாவுக்கு அழைத்தாள். அவளும் அதே பத்திரிகையைத் தருவிப்பவள். எழுதியவன் ஈப்போக்காரன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“உனக்கு அவரைத் தெரியுமா, ஆம்புரோஸ்?”

“ஒன்றாகப் படித்தோம், மேடம்.”

“ஒரு ஞாயிற்றுக்கிழமை தேநீருக்கு அழைத்து வா. நீயும் வா.”

எட்டு வருஷத்தில் ஆம்புரோஸ் அந்த பங்களாவின் வராந்தாவில் நின்றிருக்கிறான். உட்கார்ந்ததில்லை. மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு, டொமினிக்கின் தயவால், பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தான். டொமினிக் வெள்ளைக் கோட்டு போட்டு வந்திருந்தான். கப்பைத் தூக்கும்போது தேநீரைத் தட்டில் கொஞ்சம் சிந்திவிட்டான். அதை ஆம்புரோஸ் மட்டும் பார்த்தான்.

“உங்கள் கதையைப் படித்தபோது மல்லிகை வாசனையே வந்துவிட்டது. இந்தியாவை முதல் தடவையாகப் பார்த்த மாதிரி இருந்தது” என்றாள் துரைசானி. “எந்தப் பக்கம் நீங்கள்?”

“எங்கள் குடும்பம் தஞ்சாவூர்ப் பக்கம், மேடம். வந்து ரொம்பக் காலம் ஆகிறது.”

அது பொய் அல்ல. உண்மையும் அல்ல. துரைசானி தலையை ஆட்டிவிட்டு, மரியாதைக்காக ஆம்புரோஸ் பக்கம் திரும்பினாள்.

“நீ எப்போதாவது இந்தியாவுக்குப் போயிருக்கிறாயா, ஆம்புரோஸ்?”

“நான் அங்கேதான் பிறந்தேன், மேடம்.”

“அப்படியா, நல்லது” என்று சொல்லிவிட்டு, அவள் டொமினிக்கின் கப்பில் தேநீரை ஊற்றினாள்.

திரும்பி நடக்கும்போது டொமினிக் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான். “வேர்த்துக் கொட்டிருச்சி மச்சான். உண்மையைச் சொல்லு, கதை எப்படி இருந்துச்சி?”

“நல்லா இருக்கு” என்றான் ஆம்புரோஸ்.

“இன்னும் ஆறு கதை கேட்டிருக்காங்க. எல்லாம் இந்தியாவைப் பத்தித்தான் வேணுமாம்.”

“எழுதேன். உனக்கென்ன, எழுத வருதே.”

டொமினிக் அதை வாழ்த்தாகவே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

மறுநாள் ஆம்புரோஸ் லண்டனுக்கு ஒரு கடிதம் எழுதினான். உங்கள் பத்திரிகையில் இந்தியாவைச் சொல்லுகிற இந்தியர் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை என்று தொடங்கி, பதினேழு தப்புகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினான். தன் எழுத்து தெரியக்கூடாது என்று இடப்பக்கமாகச் சாய்த்து எழுதி, ‘உண்மை அறிந்தவன்’ என்று முடித்தான். எழுதின ஒவ்வொரு வரியும் சரி. அதில் ஒரு வார்த்தையையும் யாராலும் மறுக்க முடியாது. அப்படியிருந்தும் உறையை மேரியின் கண்ணில் படாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டுபோய்த் தபால் பையில் போட்டான்.

கடிதம் லண்டன் போக ஒரு மாதம், பதில் வர ஒரு மாதம். அந்த இரண்டு மாதமும் ஆம்புரோஸுக்குச் சாப்பாடு இறங்கியது, தூக்கம் வந்தது. மே கடைசியில் ஒரு சனிக்கிழமை சாயந்திரம், சொல்லாமல் கொள்ளாமல் டொமினிக் தோட்டத்துக்கு வந்து இறங்கினான். மழையில் நனைந்திருந்தான்.

“கதை ஒண்ணும் வேணாம்னுட்டாங்க” என்றான், துண்டால் தலையைத் துவட்டியபடி. “அனுப்புன ரெண்டும் திரும்பி வந்திருச்சி.”

“ஏனாம்?”

“என்னமோ எழுதியிருந்தாங்க.” டொமினிக் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மேரி அன்றைக்கு மீன் கறி வைத்திருந்தாள். டொமினிக் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். பிறகு, “ஞாயித்துக்கிழமையில இங்க வந்து போலாமா மச்சான்? ஈப்போவுல உக்காந்தா மனசு சரியில்ல” என்றான். வராதே என்று சொல்ல ஆம்புரோஸுக்கு வாய் வரவில்லை.

அதன் பிறகு டொமினிக் வாராவாரம் வந்தான். ஆம்புரோஸ் வீட்டில் இருப்பது கொஞ்ச நேரம்தான். மீதி நேரம் தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்தில், கருப்பம்மாளின் வீட்டு வாசலில் இருப்பான்.

கருப்பம்மாள் துரைசானியின் பூந்தோட்டத்தில் புல் பிடுங்குகிறவள். நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து பத்து வருஷம். நாமக்கல் பக்கம் குருக்கபட்டி என்பது அவள் ஊர். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரமானால் லயத்துப் பெண்கள் அவளைச் சுற்றி உட்காருவார்கள். அவள் தன் ஊரைச் சொல்லுவாள். அந்த ஊரில் ஒரு கிணறு. ஆம்புரோஸ் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கிணற்றுக்கு இருபது படி இருந்தது. வருஷத்துக்கு வருஷம் படி கூடிக்கொண்டே போய், இப்போது நாற்பத்தெட்டில் நின்றது. தண்ணீர் இளநீர் மாதிரி இருக்குமாம். ஜமீன்தார் வீட்டு யானைகூட அங்கேதான் குடிக்குமாம். இங்கேயே பிறந்து எந்தக் கிணற்றையும் பார்த்திராத பெண்கள் வாயைத் திறந்தபடி கேட்பார்கள். ஆம்புரோஸ் போகிற போக்கில் இதைக் கேட்டிருக்கிறான். பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறான்.

ஜூலையில் இந்தியாவிலிருந்து புது ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். அன்று ஞாயிறு. ஆம்புரோஸ்தான் யாருக்கு எந்த வீடு என்று சொல்லிக்கொண்டிருந்தான். டொமினிக் பக்கத்தில் நின்றான். முத்தம்மா என்ற சின்னப் பெண்ணிடம் ஊர் எது என்று கேட்டதும், “குருக்கபட்டிங்க” என்றாள்.

லயத்துப் பெண்கள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். கருப்பம்மாள் கூட்டத்தின் பின்னால் நின்றாள்.

“குருக்கபட்டியா? அந்தப் பெரிய கிணத்துல தண்ணி இருக்கா இப்ப?” என்று ஒருத்தி கேட்டாள்.

“எந்தக் கிணறுக்கா?”

“நாப்பத்தெட்டுப் படி வச்ச கிணறு.”

முத்தம்மா சிரித்துவிட்டாள். “எங்க ஊர்ல கிணறே இல்லீங்க. ஒரு குட்டைதான். அதுவும் சித்திரையில காஞ்சி போயிரும். தண்ணிக்கு ரெண்டு மைல் நடக்கணும்.”

எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். கருப்பம்மாள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பத்து நாள் வரைக்கும் யாரோடும் பேசவில்லை. சரியாக வேண்டும் என்றுதான் அன்றைக்கு ஆம்புரோஸுக்குத் தோன்றியது.

ஆகஸ்டில் டொமினிக் கையெழுத்தில் பன்னிரண்டு பக்கம் கொண்டு வந்தான். மேசையின்மேல் வைத்து, கூட ஒரு சிவப்புப் பென்சிலையும் வைத்தான்.

“படிச்சிப் பாரு. தப்பு இருந்தா அடி.”

ஆம்புரோஸ் ஆவலாகத்தான் பென்சிலை எடுத்தான். ராஜா இல்லை, புலி இல்லை. ரப்பர் தோட்டத்தில் ஒரு லயம். அதில் ஒரு பெண், ஊரில் இல்லாத கிணறு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு கஷ்டத்துக்கும் ஒரு படி சேர்க்கிறாள். புருஷனைப் புதைத்த வருஷம் நான்கு படி. போன டிசம்பர் வெள்ளத்தில் லயத்துக்குள் தண்ணீர் வந்து அரிசியெல்லாம் நாசமான வாரத்துக்கு இரண்டு படி. ஆம்புரோஸ் அடுத்த பக்கத்தைத் திருப்பினான். பென்சில் கையிலேயே இருந்தது. எட்டு வருஷமாக நான் பெயர் கூப்பிட்டவள், படி கூடுவதை நானும்தான் கேட்டேன், எதற்காகக் கூடுகிறது என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லையே என்று நினைத்தான். லண்டன் பத்திரிகையில் டொமினிக்கின் பெயரைப் பார்த்தபோது வந்ததைவிட இது மோசமாக இருந்தது. அப்போது, அவனுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லையே என்றுதான் இருந்தது. இது அப்படியல்ல. இதைத் தன்னால் எழுதியிருக்க முடியாது.

கடைசிப் பக்கத்தில் அந்த ஊரிலிருந்தே ஒரு புதுப்பெண் வருகிறாள். கிணற்றைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அவள் கூட்டத்தின் பின்னால் நிற்கிறவளின் முகத்தைப் பார்க்கிறாள். ‘அந்தக் கிணறுதானே, இந்த வருஷம் இன்னும் நிறையத் தண்ணீர்’ என்கிறாள்.

ஆம்புரோஸுக்கு மூச்சு வந்தது. கடைசியில் ஒரு தப்பு கிடைத்துவிட்டது.

“அவ அப்படிச் சொல்லலியே.”

“தெரியும். நானும் அங்கதானே நின்னேன்.”

“திரும்பவும் பொய் எழுதியிருக்கே, டொமினிக்.”

“ஆமா. அவ அப்படிச் சொல்லியிருக்கலாம்லா.”

டொமினிக் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கதையின் பக்கத்தில் வைத்தான். இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. பத்திரிகைக்காரர்கள் அதை அவனுக்கே அனுப்பியிருந்தார்கள்.

“எழுத்தைச் சாய்ச்சிட்டாப் போதுமா மச்சான்? மார்கழியில மாம்பழம் கிடையாதுன்னு எனக்குச் சொல்ல இந்தப் பேராக் சீமையில உன்னை விட்டா யாரு இருக்கா?”

உள்ளே மேரி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. ஆம்புரோஸ் வாசல் பக்கம் பார்த்தான்.

“தெரிஞ்சிதான் வாராவாரம் வந்தியா?”

“மொத நாளு உன்னை அடிக்கத்தான் பஸ் ஏறுனேன். வந்தா தங்கச்சி மீன் கறி வச்சிருந்திச்சி. சாப்ட்டுட்டு அடிக்கலாம்னு இருந்தேன். சாப்ட்ட பொறவு முடியல.” டொமினிக் சிரிக்கவில்லை. “பதினேழும் சரிதான். விசாரிச்சிட்டேன். என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம். அதான் எனக்கு வருத்தம்.”

“எனக்குப் பொறாமை. வேற ஒண்ணும் இல்ல” என்றான் ஆம்புரோஸ். சொன்ன பிறகு மனசு லேசாகும் என்று நினைத்தான். ஆகவில்லை.

“எனக்கு இல்லைன்னு நெனச்சியா? பள்ளிக்கூடத்துல மழை பெய்யும்போது நீ சொல்லுவே. உங்க கால்வாயில மொதத் தண்ணி வரும்போது நுரையும் சருகுமா வரும், பிள்ளைங்க அது கூடவே ஓடுவாங்கன்னு. எங்கப்பன் ஊரைப் பத்தி வாயே திறக்க மாட்டாரு. எனக்கு ஊருன்னா ஆஸ்பத்திரி மருந்து வாடைதான். என்கிட்ட ஒண்ணும் இல்லாமத்தான் புலியையும் ஒட்டகத்தையும் போட்டேன்.” சாய்ந்த எழுத்துக் காகிதத்தை மடித்துக்கொண்டே கேட்டான். “அந்தத் தண்ணி வாரதை நீ ஏன் உன் கதையில எழுதல?”

“கச்சேரிக் கதைக்கு அது தேவைப்படல.”

“தேவை இல்லைதான்” என்றான் டொமினிக். ஒத்துக்கொண்டானா இல்லையா என்று ஆம்புரோஸுக்குத் தெரியவில்லை.

முத்தம்மா சொன்னதாக இருந்த வரியை ஆம்புரோஸ் அடிக்கவில்லை. எழுத்துப் பிழை இரண்டைத் திருத்திக் கொடுத்தான். அந்த இரண்டும் இருந்ததில் அவனுக்கு ஓர் அற்ப திருப்தி.

லண்டன் பத்திரிகை கதையைத் திருப்பி அனுப்பியது. மலாயா ரப்பர் தோட்டத்தை இந்தியா என்று சொல்ல முடியாதாம். பினாங்கில் ஒரு சின்ன ஆங்கிலத் தாள், துறைமுகச் செய்திகளுக்குக் கீழே பொடி எழுத்தில் அதைப் போட்டது. ஆம்புரோஸ்தான் அதைத் துரைசானியிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தாள்.

“சோகமாக இருக்கிறது. எனக்குப் புலிக் கதைதான் பிடித்தது” என்றாள். “இப்படியெல்லாம் பெண்கள் உண்மையாகவே இருக்கிறார்களா?”

வராந்தாவிலிருந்து பத்தடி தூரத்தில் கருப்பம்மாள் குனிந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

“இருக்கிறார்கள், மேடம்” என்றான் ஆம்புரோஸ்.

டொமினிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அடுத்த கதையை ஈப்போவில் மணலைக் கழுவி ஈயம் எடுக்கும் பெண்களைப் பற்றி ஆரம்பித்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவது குறைந்தது. அவன் வராத ஒரு ஞாயிறன்று, ஆம்புரோஸ் தன் கச்சேரிக் கதையை எடுத்துப் படித்தான். ஒரு தப்பு இல்லை. கச்சேரிப் படி, பியூனின் பெல்ட்டு, பட்டாவின் நிறம் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஐயாவுக் கிழவர் பதினொரு தடவை நடந்தார். நடக்கும்போது என்ன நினைத்தார் என்று ஒரு வரி இல்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு லயத்துக்குப் போனான். கருப்பம்மாள் வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். முத்தம்மா பக்கத்தில் இருந்தாள். இருவரும் இப்போது பேசிக்கொள்கிறார்கள் என்பதே அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. கிராணி வருவதைப் பார்த்ததும் இருவரும் எழுந்து நின்றார்கள்.

“உக்காருங்க. சும்மாதான் வந்தேன்” என்றான். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. “உங்க ஊரைப் பத்திக் கேக்கலாம்னு.”

கருப்பம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “எல்லாத்தையும் உங்க சினேகிதருகிட்ட சொல்லிட்டேனுங்களே, கிராணி ஐயா. மிச்சம் ஒண்ணும் இல்லீங்க.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். ஆம்புரோஸுக்கு முகம் சுட்டது. அவன் திரும்பி இரண்டு எட்டு வைத்திருப்பான்.

“கப்பல்ல வந்த கதையை வேணும்னா நான் சொல்றேங்க” என்றாள் முத்தம்மா. “அதை அவரு கேக்கவே இல்ல. நோய் இருக்கான்னு பாக்க எங்களைத் தங்கவச்ச பினாங்கு முகாமுல எங்க சேலையை எல்லாம் வாங்கிப் பெரிய கொப்பரையில போட்டு அவிச்சாங்க. திருப்பிக் குடுக்கும்போது யாரு சேலை யாருதுன்னே தெரியல. ஒரு அக்கா என் சேலையைக் கட்டிக்கிட்டு வேற தோட்டத்துக்குப் போயிட்டாங்க.”

“அப்ப நீ கட்டியிருக்கிறது?”

“இது அவங்களுதுங்க.”

ஆம்புரோஸ் அந்தச் சேலையைப் பார்த்தான். பச்சைக் கரை போட்ட பழுப்புச் சேலை. தினமும் காலையில் அவன் கண்ணில் பட்டதுதான். அவன் வாசல்படியில் உட்கார்ந்தான். “அந்த அக்கா பேரு என்ன?” என்று கேட்டான்.